பொன்குழிக்குள் ஒரு செவலை நாகு

1

கடை வாசல்களில் செவ்வந்திச் சட்டிகள் வந்து இறங்கினால் என் கணவர் சூசைக்கு இருப்புக்கொள்ளாது. பிரெஞ்சுக்காரர் அந்தப் பூக்களை வாங்குவது சகல புனிதர் திருநாளுக்குக் கல்லறைகளில் வைப்பதற்காக. சூசைக்கு அவை ஞாபகப்படுத்துவது வேறு. நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டில் வந்து இறங்கியது இந்தப் பருவத்தில்தான்.

"ரெஜினா, காட்டுக்குப் போற நாள் வந்திட்டுது" என்பார்.

பாரிசில் இருக்கிற ஆக்களுக்குக் காட்டில் என்ன வேலை என்று ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். லா சப்பலில் எங்களைத் தெரிந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். கிடைக்கிற ஒரு லீவு நாளில் நித்திரை கொள்ளாமல், மழைக்குள் நானூறு கிலோமீற்றர் போய், சேற்றுக்குள் நடந்துவிட்டு வருகிறவர்களைப் பைத்தியம் என்றுதான் சொல்லுவார்கள். இந்த வருஷம் அந்தப் பைத்தியம் பதினாலு பேருக்குத் தொற்றியது. அன்று நடந்ததை எழுதிவைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

நாங்கள் இருப்பது பாரிசின் லா சப்பலில், மெத்ரோ நிலத்துக்குக் கீழே ஓடாமல் தூண்களின் மேல் ஓடுகிற இடத்தில். யன்னலைத் திறந்தால் ரயிலுக்குள் நிற்கிறவர்களின் முகம் தெரியும். அவர்களுக்கு எங்கள் அடுப்பு தெரியும். எங்கடை ஆக்களின் கடைகள் இந்தத் தெருக்களில் இப்போதுதான் ஒன்று இரண்டாக முளைக்கின்றன. முருங்கைக்காய் வந்திருக்கிறதென்றால் கதை நகரத்துக்கு வெளியே கார்ஜ் வரைக்கும் போய், ஆக்கள் ரயிலேறி வருகிறார்கள்.

சூசைக்கு ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற வேலை. நான் காலையில் கந்தோர்கள் கூட்டித் துடைக்கிறேன். எங்கள் ஒரே மகள் ஜெனிற்றாவுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதில் வந்தவள். வந்த புதிதில் நித்திரையிலும் தமிழில்தான் புலம்பினாள். இப்போது நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. தகப்பனோடு அவளுடைய கதை மெல்ல மெல்ல வற்றிப்போனது. "சாப்பிட்டியா?" "ஊய்." "பள்ளிக்கூடம் எப்பிடி?" "பியான்." ஓம், நல்லம், அதோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றாரைக் கூப்பிட்டால், "நீங்கள் வரத் தேவையில்லை, நானே ரீச்சரிட்டைக் கதைக்கிறன்" என்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குப் பயம். பதில் எனக்குத் தெரியும்.

2

அந்தக் காடு எங்களுக்குக் கிடைத்த கதையைச் சொல்லவேண்டும்.

அகதி விண்ணப்பம் கொடுத்த கையோடு எங்களை லிமோஜ் நகரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்த ஃபோயே ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஃபோயே என்றால் அகதிகளைச் சேர்த்து வைக்கிற விடுதி. ஆறு மாதம் அங்கே இருந்தோம். ஆறு மாதமும் மழை. மன்னாரில், பேசாலை வெயிலில் காய்ந்த உடம்பு எங்களுக்கு. துவாயைக் காயப்போட்டால் மூன்று நாளுக்குப் பிறகு கூடுதலாக ஈரமாகி இருக்கும். வேலை செய்ய அனுமதி இல்லை. சூசை கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்தபடியே இருப்பார். ஊரில் கடலுக்குப் போகக்கூடாதென்று தடைபோட்டபோது மற்ற மீனவர்களோடு கரையில் குந்தியிருந்தாரே, அதே இருப்பு.

அங்கே எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்த பெண் ஒரு புதன்கிழமை எல்லாரையும் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். அவித்துத் தின்கிற கஸ்தானியாக் கொட்டை மரக் காடு. நிலமெல்லாம் முள்ளுக்கோதுகள். கல்லில் பாசி, மரத்தில் பாசி, பாசிக்கு மேல் பன்னச்செடி. அதற்குள்ளே வாய்க்கால் வெட்டினதுபோல் நீளநீளமாகப் பள்ளங்கள். சிலது பனை உயரத்துக்கு ஆழம். அடியில் கறுப்புத் தண்ணீர். இரண்டு பக்கமும் மண்மேடு, மேட்டில் பெருமரங்கள்.

"இதெல்லாம் தங்கம் எடுத்த குழிகள்" என்றாள் அந்தப் பெண். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே, ரோமர் வருவதற்கும் முதல், கோல் என்கிற சனம் பாறையை நெருப்பால் சுட்டு, உடைத்து, இடித்து, கழுவித் தங்கம் எடுத்ததாம். பிறகு எங்கள் அப்புமார் காலத்தில் ஒரு கொம்பனி வந்து அதே இடத்தில் சுரங்கம் தோண்டியதாம். அதுவும் மூடியாயிற்று. செங்கல் புகைபோக்கி ஒன்றும், எந்திரம் பூட்டியிருந்த கொங்கிறீற்றுத் திட்டுகளும், புல்லே முளைக்காத சாம்பல் நிற மண்மேடு ஒன்றும் மிச்சம்.

சூசை ஒரு குழியின் விளிம்பில் குந்தி அதைக் கனநேரம் பார்த்தார். "கையாலை தோண்டியிருக்கிறாங்கள், என்ன?" என்றார். அன்றிரவு கட்டிலில் சுவரைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் தனியே போனார். அதன்பிறகு மழை, பனி ஒன்றும் பார்க்காமல் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஒரு குழியைத் தேடிப் போனோம். காசு கேட்காத பொழுதுபோக்கு அதுதான். அங்கே ஒருவரும் எங்களைக் கடதாசி காட்டச் சொல்லவில்லை.

ஒரு நாள் நனைந்து திரும்பி வந்தபோது ஃபோயேயில் தாதி என்னைப் பார்த்து, "மதாம், உங்களுக்கு மொவேஸ் மீன்" என்றாள். மொவேஸ் என்றால் கூடாதது. மீன் என்றால் சுரங்கம். அந்தச் சொல்லைப் படித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நான் ஓடிப்போய் சூசையிடம், "அந்தச் சுரங்கம் கூடாததாம், இனிப் போகவேண்டாம்" என்று மறித்துவிட்டேன். முகம் வாடியிருந்தாலும் 'மொவேஸ் மீன்' என்றுதான் சொல்லுவார்களென்று பிறகுதான் விளங்கியது. அதுவரைக்கும் சூசை இரண்டு நாள் எனக்குப் பயந்து அறைக்குள் இருந்தார்.

ஜெனிற்றா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, "எங்கடை முன்னோர் கோல் சனம்" என்று பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவித்தாள்.

"ஆற்றை முன்னோர்?" என்றார் சூசை.

"எங்கடை. ரீச்சர் சொன்னவ."

"அப்ப அந்தக் குழியெல்லாம் எங்கடைதான். வா, காணி பாத்துக்கொண்டு வருவம்" என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அப்போது அவள் சிரித்த சிரிப்பு காட்டுக்குள் கேட்டது.

3

பாரிசுக்கு வந்த பிறகு கடதாசிச் சீவியம் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரில் வரிசையில் நின்று, எங்கள் தற்காலிகத் துண்டை இன்னொரு தற்காலிகத் துண்டாக மாற்றவேண்டும். முதல்தரம் விண்ணப்பத்தை மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தோம். ஒருமுறை கவுண்டரில் இருந்த பெண் சூசையைப் பார்த்து "தெஓர்!" என்று கையைக் காட்டினாள். 'வெளியே நில்லு' என்று அர்த்தம். தங்கத்துக்கு அவர் படித்துவைத்த சொல் 'தோர்'. அவர் சிரித்த முகத்தோடு வந்து, "எங்கடை கடதாசியைத் தங்கம் எண்டு சொல்லுறா" என்றார். நானும் நம்பி மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். நல்லவேளை, போன வருஷம் பத்து வருஷ வதிவிடக் காட் கிடைத்தது. மாதா எங்கள் பிரெஞ்சைப் பெரிதுபடுத்தவில்லை.

காட் கையில் வந்ததும் சூசை கேட்ட முதலாவது காரியம், "குழி பாக்கப் போவமா?" அந்த வருஷம் நாங்கள் மூன்று பேரும் ரயிலில் போய்வந்தோம். இந்த வருஷம் கதை பரவிவிட்டது. கார்ஜில் இருக்கிற யோகன் அண்ணை, யாழ்ப்பாணத்து மனுஷன், மரக்கறிக்கடையில் வேலை. முதலாளியின் வான் ஒன்றைக் கேட்டு எடுத்தார். வேறொரு கடையில் இன்னொன்று. சூசையின் ஊர்க்காரர், ஒன்றாய்க் கோப்பை கழுவுகிறவர்கள், இரண்டு குடும்பம், எல்லாமாகப் பதினாலு பேர். முதல்நாள் பின்னேரமே போய், அந்த ஊர்ப் பங்குச் சுவாமி திறந்துவிட்ட மண்டபத்தில் படுத்தோம்.

ஜெனிற்றா வரமாட்டேன் என்று நின்றாள். அவளுடைய சிநேகிதிக்கு அன்றைக்குப் பிறந்தநாள். "எப்ப பாத்தாலும் அந்தச் சேறும் குழியும்" என்று பிரெஞ்சில் சொன்னாள். தகப்பனுக்கு முழுதும் விளங்கவில்லை. விளங்கின அளவு போதுமாக இருந்தது. அவர் அவளுடைய சப்பாத்தைத் துடைத்து வானுக்குள் வைத்தார். அவள் காதில் வாக்மனை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

காலையில் தேவாலயத்தடியிலிருந்து நடக்கத் தொடங்கினோம். தூறல். ஓடைக்கரையால் போய், செங்கல் புகைபோக்கியைக் கடந்து, சாம்பல் மேட்டின் அடியால் காட்டுக்குள் ஏறவேண்டும். யோகன் அண்ணை புத்தம் புதிய வெள்ளைச் சப்பாத்தோடு வந்திருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, வெள்ளம் வந்த வீட்டுக்காரர்போல் ஒவ்வொரு அடியாக வைத்தார்.

"சூசை, மெய்யாய்ச் சொல்லு. ஒரு மோதிரத்துக்காவது தேறுமோ?"

"மோதிரம் வேணுமெண்டால் லா சப்பலிலை வாங்கு அண்ணை. இது பாக்கிறதுக்கு."

"எதைப் பாக்கிறது? குழியையோ?"

"குழியைத்தான். கோட்டை கட்டினவங்களைத்தானே எல்லாரும் போய்ப் பாக்கினம். தோண்டினவனை ஆர் பாக்கிறது?"

கோப்பை கழுவுகிற பெடியள் ஒருவரும் அதற்குச் சிரிக்கவில்லை.

4

மேட்டில் ஏறி முதற்குழியைத் தாண்டியபோது அந்தச் சத்தம் கேட்டது. சங்கை ஈரத்துணியால் பொத்தி ஊதினதுபோல் ஒரு அடித்தொண்டைக் குரல். எல்லாரும் நின்றோம்.

மரங்களுக்குள்ளிருந்து ஒரு மனுஷி வந்தாள். அறுபது வயதிருக்கும். றப்பர்ச் சப்பாத்து, நனைந்த தொப்பி, கையில் தடி. நான் "பொன்ஜூர் மதாம்" என்றேன். அவள் அதைக் கேட்டமாதிரிக் காட்டவில்லை. பதினாலு கறுத்த முகங்களைக் கண்டதும் தடியை உயர்த்திக்கொண்டு கத்தத் தொடங்கினாள். இது தனியார் காணி, படலையைத் திறந்துவிட்டது நீங்கள்தானே, காளான் பொறுக்க வந்தீர்களா, கஸ்தானியா பொறுக்க வந்தீர்களா, எங்கிருந்து வருகிறீர்கள், இப்போதே ஜாந்தார்ம் பொலிசைக் கூப்பிடுகிறேன். எனக்குப் பாதி விளங்கியது. விளங்கின பாதிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. 'படலை', 'இல்லை', 'நாங்கள்' என்று தனித்தனிச் சொற்களாகத் தடக்குப்பட்டேன்.

எனக்குப் பின்னால் நின்ற ஜெனிற்றா வாக்மனைக் கழற்றினாள். நான் பயந்துபோனேன். என்னைத் திருத்தப்போகிறாள், அல்லது என்னைத் தெரியாதவள்போல் நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். "மதாம்" என்றாள், பிரெஞ்சில், மெல்லிய தெளிவான குரலில். "என்ரை அம்மா உங்களுக்குப் பொன்ஜூர் சொன்னவ."

இந்த நாட்டில் பொன்ஜூருக்குப் பதில் சொல்லாமல் விடுவது, எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரை இருக்கச் சொல்லாமல் விடுவதுபோல. அந்த மனுஷியின் தடி கீழே வந்தது. வாய் திறந்தபடி எங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பொன்ஜூர் மதாம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுடைய நாகு குழிக்குள் விழுந்துவிட்டது. மழையில் முறிந்த ஒரு மரக்கொப்பு வேலியைச் சாய்த்திருந்ததைப் பிறகு கண்டோம். அந்த வழியால்தான் அது வந்திருக்கிறது. விடிந்ததிலிருந்து தண்ணீருக்குள் நிற்கிறது. தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அவர்கள் வேறெங்கோ வெள்ளத்தில் மாட்டியிருக்கிறார்களாம், எப்போது வருவார்களோ தெரியாது. மகன் லிமோஜில். உழவு இயந்திரம் இந்த மேடுகளுக்குள் ஏறாது.

ஜெனிற்றா எல்லாவற்றையும் கேட்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். 'நாகு' என்ற சொல் அவளுக்கு வரவில்லை. "பிள்ளை பெறாத மாடு" என்றாள். தகப்பனுக்கு விளங்கியது.

"எங்கை?" என்றார். மனுஷி அழுதபடி முன்னே நடந்தாள்.

5

அது அங்கே உள்ள குழிகளில் பெரியது. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. அடியில் கறுப்புத் தண்ணீர். அதற்குள் ஒரு செவலை நாகின் தலையும் முதுகும். இந்தப் பகுதி மாடுகள் எல்லாமே அந்த நிறம்தான், செங்கல் பொடியைப் பூசினதுபோல. கால்கள் சேற்றில் புதைந்துவிட்டன. கத்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

மனுஷியின் பெயர் லூசியன். கொட்டிலிலிருந்து வைக்கோல் கட்டுகிற தடித்த கயிறுகளும் ஒரு பழைய கதவும் கொண்டுவந்தோம். கழுத்தில் கட்டினால் செத்துவிடும், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கட்டவேண்டும் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் யாராவது தண்ணீருக்குள் இறங்கவேண்டும்.

சூசை ஜக்கெற்றைக் கழற்றினார்.

"இஞ்சாருங்கோ, வேண்டாம்" என்று கையைப் பிடித்தேன். "அடியிலை என்ன இருக்கெண்டு தெரியாது. கீழை சுரங்கம் போகுதாம்."

"கடலிலை மட்டும் அடி தெரிஞ்சே குதிச்சனான்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உயிரோடை நிக்குது ரெஜினா. எப்பிடி விட்டிட்டுப் போறது?" என்றார். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியை யோகன் அண்ணையிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அந்தக் குளிரை நான் எழுதமுடியாது. தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்ததும் அவருடைய மூச்சு ஒரு கணம் நின்றது மேலே நின்ற எனக்குக் கேட்டது. நாகு மிரண்டு தலையை அடித்தது. அவர் அதன் கழுத்தைத் தடவி, "சரி, சரி, ஒண்டுமில்லையடி" என்றார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார். கறுப்புத் தண்ணீரில் அவர் இருந்த இடத்தில் இலை ஒன்று சுற்றியது. என் பக்கத்தில் நின்ற ஜெனிற்றா என் கையை நகம் பதிய இறுக்கினாள். மறுபக்கம் அவருடைய தலை வந்தது, கையில் கயிறு. "மாதாவே" என்று என் வாய் சொன்னது. "முருகா" என்றார் யோகன் அண்ணை.

சரிவில் கதவைப் போட்டு, அதற்கு மேல் பன்னமும் கொப்புகளும் பரப்பினோம். இரண்டு கயிறு, ஆளுக்கொரு பிடி. இழுத்தோம். ஒவ்வொருவரும் தங்கள் பலத்தைக் காட்டினார்கள். ஒருவர் இழுக்க மற்றவர் விட, கயிறு கோணிக்கொண்டு போய் நாகின் தலை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. லூசியன் "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ!" என்று கூவினாள். யோகன் அண்ணை சேற்றில் விழுந்து எழும்பினார். வெள்ளைச் சப்பாத்தின் கதை அத்தோடு முடிந்தது.

தண்ணீருக்குள்ளிருந்து சூசை கத்தினார். "ஒருத்தரும் தன்ரை பாட்டுக்கு இழுக்காதேங்கோ! இது கரைவலை! கரைவலை மாதிரி!"

எங்கள் ஊர்க்காரருக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு கரையிலும் நின்று ஊரே சேர்ந்து இழுக்கிற தொழில் அது. கயிற்றை இடுப்போடு அணைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிக்காலை ஊன்றி, ஒரே குரலில் அடியெடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பத்து யோகன் அண்ணைக்கும் யாரோ காலை வைத்துக் காட்டினார்கள்.

"ஏலேலோ!" என்றார் சூசை. அவருடைய பல்லுக் கிட்டுகிற சத்தம் அந்தச் சொல்லுக்குள்ளும் கேட்டது.

"ஏலோ!" என்றோம் நாங்கள்.

"ஏத்தியிழு!"

"ஏலோ!"

இந்த நாட்டில் நாலு வருஷமாகச் சூசையின் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்கவில்லை. கோப்பை கழுவுகிற இடத்தில் 'ஊய் ஷெஃப்', பிரிபெக்சரில் 'ஊய் மதாம்'. அந்தக் குழிக்குள்ளிருந்து வந்தது வேறொருவரின் குரல். இல்லை, அதுதான் அவருடைய குரல். நான் கலியாணம் முடித்த மனுஷனின் குரல்.

நாகின் முதுகு உயர்ந்தது. முன்னங்கால் ஒன்று சேற்றை விட்டு வந்து கதவில் தட்டியது. வழுக்கிற்று. மறுபடியும் "ஏலேலோ!" எனக்கும் லூசியனுக்கும் இடையில் ஒரு சின்னக் கை வந்து கயிற்றைப் பிடித்தது. ஜெனிற்றா முதல்தரம் வாயைத் திறக்கவில்லை. இரண்டாந்தரம் "ஏலோ" என்று முணுமுணுத்தாள். மூன்றாந்தரம் அவளுடைய குரல் எங்கள் எல்லாருடைய குரலுக்கும் மேலே போனது. லூசியனும் கத்தினாள். என்ன சொல்லென்று தெரியாமலே, "எலோ, எலோ" என்று, தொப்பி விழுந்ததும் தெரியாமல், எங்களில் ஒருத்தியாகச் சாய்ந்து இழுத்தாள்.

கதவு கிறீச்சிட்டது. சேறு ஒரு பெரிய சத்தத்தோடு விட்டது. நாங்கள் பதின்மூன்று பேரும் லூசியனும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். எழும்பிப் பார்த்தால் நாகு சரிவின் மேல் கிடந்தது, மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு. அதன் வாலைப் பிடித்தபடி பின்னாலேயே சூசையும் வந்து கிடந்தார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். லூசியன் தன் தடித்த மேற்சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டாள். கை அரைவாசிக்குத்தான் எட்டியது. வைக்கோலை அள்ளி ஒரு பக்கம் நாகையும் மறுபக்கம் சூசையையும் தேய்க்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நாகு பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழும்பி நின்றது. எல்லாருடைய முகத்திலும் சேற்றைச் சிலுப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது.

"நன்றி கெட்ட மாடு" என்றார் யோகன் அண்ணை. அவர் அழுதுகொண்டுதான் அதைச் சொன்னார்.

6

லூசியனின் குசினியில் அடுப்பைச் சுற்றிப் பதினாலு பேர் ஆவி விட்டுக்கொண்டு நின்றோம். அவளுடைய செத்துப்போன புருஷனின் காற்சட்டையும் கம்பளி உடுப்பும் சூசையின்மேல் இருந்தன. அவள் பெரிய கோப்பைகளில் கோப்பி ஊற்றினாள். கஸ்தானியா அவித்தாள். நாங்கள் வானிலிருந்து சோற்றுப் பார்சல்களையும் இறைச்சிக் கறியையும் கொண்டுவந்தோம். லூசியன் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, முகம் சிவந்து, கண்ணீரைத் துடைத்து, "மறுபடியும் தாருங்கள்" என்றாள்.

அப்போது தீயணைப்புக்காரர் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். வரப் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். லூசியன் அவர்களை உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொருவராக எங்களைக் காட்டி, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். 'ஏலேலோ' என்று கையை ஆட்டிக்காட்டினாள். வந்தவர்களில் மூத்தவர் நாகைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன சொன்னாரென்று சூசைக்கு விளங்கியிருக்காது. நிமிர்ந்து நின்று கையைக் கொடுத்தார். நாலு வருஷமாக இந்த நாட்டில் சீருடைக்காரரைக் கண்டால் கடதாசியைத் தேடிச் சட்டைப்பைக்குப் போகிற கை அது. அன்று அது பைக்குப் போகவில்லை.

அவர்கள் போன பிறகு லூசியன் யன்னலால் அந்த மேட்டைக் காட்டினாள். தன் தகப்பனும் தகப்பனின் தகப்பனும் அந்தக் கொம்பனிச் சுரங்கத்தில் வேலைசெய்தவர்கள் என்றாள். தகப்பனுக்குச் சுரங்கம் கொடுத்தது இருமல் ஒன்றுதான். அவள் கழுத்தில் ஒரு தங்கச் சிலுவைகூட இல்லை.

"இந்த மலையிலிருந்து வந்த தங்கமெல்லாம் பாரிசுக்குத்தான் போனது" என்றாள். "அப்பா சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாரிசிலிருந்து ஏதாவது திரும்பி வந்ததென்றால் அது இன்றைக்குத்தான்."

ஜெனிற்றா தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, சொல் தேடித் தேடி, அதைத் தமிழில் சொன்னாள். நான் நடுவில் புகுந்து உதவி செய்யவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை சூசை கஸ்தானியாவை உரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"நாங்கள் பாரிஸ் இல்லை எண்டு சொல்லு" என்றார். "பேசாலை எண்டு சொல்லு."

ஜெனிற்றா லூசியனின் பக்கம் திரும்பினாள். "அப்பா சொல்லுறார், நாங்கள் பாரிஸ் ஆக்கள் இல்லையாம். நாங்கள் பேசாலை ஆக்கள்."

"பெ... ச... லே" என்றாள் லூசியன். "அது எங்கே இருக்கிறது?"

மேசைவிரிப்பில் கோப்பி கொஞ்சம் சிந்திக் கிடந்தது. ஜெனிற்றா விரலை அதில் தோய்த்து முதலில் இந்தியாவின் முனையைக் கீறினாள். அதற்குப் பக்கத்தில், மாங்காய் வடிவில், எங்கள் தீவைக் கீறினாள். இடது பக்கம் மேலே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிற மெல்லிய துண்டு ஒன்றையும் கீறி, அதன் நடுவில் விரலை ஊன்றினாள். சரியான இடம். நான் அதை அவளுக்கு ஒருபோதும் வரைபடத்தில் காட்டினதில்லை. சூசையைப் பார்த்தேன். அவரும் இல்லையென்று தலையசைத்தார்.

"இஞ்சை" என்றாள் ஜெனிற்றா, தமிழில்.